எட்டரை மணி மழைக்கணக்கு

"திருநெல்வேலி மாவட்டத்தில் நேற்று சராசரியாக இத்தனை மில்லிமீட்டர் மழை" என்று செய்தி வந்தால் நான் அந்த வரியில் நிற்பதே இல்லை. நேரே கீழே இருக்கிற ஊர்ப் பட்டியலுக்குப் போய்விடுவேன். நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி, களக்காடு, ராதாபுரம். எங்கள் பக்கத்து மழை இந்த நாலு பெயருக்குள்தான் இருக்கிறது. சராசரிக்குள் அது இல்லை.

அந்தப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என்று வந்து கடைசியில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று முடியும். கடைசியில் சொன்ன நாலும் மேற்கு மலையில், தேயிலைத் தோட்டம் இருந்த பகுதி. அங்கே பெய்கிற மழை வேறு கணக்கு. கணக்குக்காக ஒன்று வைத்துப் பாருங்கள்: பத்து மழைமானி, அதில் நாலு மலையில். மலையில் ஒவ்வொன்றிலும் 80 மி.மீ. பதிவாகிறது, கீழே ஆறிலும் பூஜ்யம். சராசரி 32 மி.மீ. வந்துவிடும். பேப்பரில் படிக்கிறவர் மாவட்டமே நனைந்துவிட்டது என்று நினைப்பார். இங்கே கண்மாய்க் கரையில் மண் புழுதியாகப் பறந்துகொண்டிருக்கும்.

நான் நாங்குநேரிப் பக்கம் ஜெராக்ஸும் இ-சேவையும் சேர்ந்த ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். பட்டா, சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு, நிவாரண மனு எல்லாம் என் கடை வழியாகத்தான் போகும். காலையில் கடை திறந்ததும் மழைப் பட்டியலையும் அணை நிலவரத்தையும் எடுத்து எங்கள் ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது பழக்கமாகிவிட்டது. குழுவில் போட்டாலும் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் இருக்கிற என் பெரியப்பா போன் போட்டுக் கேட்காமல் இருக்க மாட்டார்.

"ஏட்டி, எவ்வளவு போட்டிருக்கான்?"

"பன்னெண்டு மில்லிமீட்டர் பெரியப்பா."

"ஒரு உழவுக்குக் காணுமா அது?"

மில்லிமீட்டர் அவருக்குப் பேச்சு இல்லை; உழவுதான் பேச்சு. நான் அவருக்காக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டர் விழுந்திருக்கிறது. இப்படிச் சொன்னால் அவர் கொஞ்ச நேரம் பேச மாட்டார், அப்புறம் "சரி, காஞ்ச மண்ணு, அம்புட்டையும் குடிச்சிரும்" என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் சீமையின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும். மேகம் மலையேறும்போது தண்ணீரை அந்தப் பக்கமே இறக்கிவிடும். எங்களுக்கு இறங்கி வருவது வறண்ட காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற ஈரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரலாகக் கிடைக்கும். ஆரல்வாய்மொழி வழியாக எங்களுக்கு வருவது வெறும் காற்று. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் முழுக்கக் காற்றாலை நிற்பது அதனால்தான். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றுதான். ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு ஜூனில் பாபநாசம் அணை திறந்தால் கார், அப்புறம் பிசானம் என்று இரண்டு பட்டம் உண்டு. மானாவாரிக்கும் குளத்துப் பாசனத்துக்கும் அந்த மூன்று மாதம் தப்பினால் அடுத்த வருஷம்தான். ஒரே மாவட்டத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு ஒரே சராசரி எப்படிப் பொருந்தும்?

மழைமானியை நான் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் சிமெண்ட் மேடை, அதன் மேல் பைபர் உருளை. வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், துளிகூடச் சாய்வில்லாமல் இருக்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றோடு சாய்ந்து வருகிற மழையை மரம் வாங்கிக்கொள்ளும். உள்ளே ஒரு புனல், அதன் கீழே பாட்டில். காலை எட்டரை மணிக்கு ஆள் வந்து பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்தில் வைத்துப் படித்து, நோட்டில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளிலும் வந்து பார்த்து பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யம் எழுதின நாளும் அளக்காமல் விட்ட நாளும் ஒன்றில்லை. வறட்சி நிவாரணம் கேட்கும்போது இந்த வித்தியாசம்தான் உயிர்.

எட்டரை மணியை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரு நாள் மழை என்பது முந்தின நாள் காலை 8.30-லிருந்து அன்றைக்குக் காலை 8.30 வரை பெய்தது. தேதி, முடிகிற நாளின் தேதி. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பகலும் இரவும் எங்களை மூழ்கடித்த மழை, கணக்கில் டிசம்பர் 18 என்றுதான் இருக்கும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு மனு எழுத வந்தவர்கள் எல்லாரும் பதினேழு என்றார்கள், அவர்கள் பட்டது பதினேழுதான். பதினேழாம் தேதிப் பட்டியலை எடுத்துப் பார்க்கிறவர் "அன்றைக்கு இவ்வளவு மழை இல்லையே" என்று சொல்லிவிட முடியும். அதனால் மனுவில் "17-12-2023 காலை முதல் 18-12-2023 காலை வரை" என்று இரண்டு தேதியையும் எழுத வைத்தேன்.

அன்றைய எண்களைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, எங்கள் மூலைக்கரைப்பட்டியில் 61-க்கு மேல். வானிலைத் துறை 20 செ.மீ.-ஐத் தாண்டினாலே அதி கனமழை என்கிறது. வடகிழக்குப் பருவம் மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டுச் சராசரியே 44 செ.மீ.தான். மூலைக்கரைப்பட்டி வறண்ட ஊர், பருத்தியும் உளுந்தும் முள்காடும். அந்த ஊரில் ஒரே நாளில் ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. பெரியப்பா ஊரில் ஒரு குளம் நிறைந்து மறுகால் தாங்காமல் கரை போய், அந்தத் தண்ணீர் அடுத்த குளத்தை உடைத்துக்கொண்டு போனது.

அன்று எல்லாருடைய கண்ணும் அணைகள் மேல் இருந்தது. பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்றுதான் கேட்டார்கள். திருநெல்வேலி டவுனில் தாமிரபரணி ஆற்றோரம் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியதா, தைப்பூச மண்டபம் முங்கியதா என்று பார்ப்பது எங்கள் ஊர்க்காரர்களின் பழைய வெள்ள அளவு, நல்ல அளவுதான். ஆனால் அது ஆற்றை மட்டும் காட்டும். அன்றைக்கு மலையில் பெய்தது போக, அணையே இல்லாத சமவெளியிலும் வானம் பொத்துக்கொண்டது. அந்தத் தண்ணீர் எந்த அணையின் அடிக்கணக்கிலும் வரவில்லை. ஓடையிலும் குளத்திலும் கருமேனியாற்றிலும் போயிற்று. கீழே ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றுபோன ஜனங்களை நாடே பார்த்தது. மூலைக்கரைப்பட்டிப் பக்கத்துக் குளக்கரைகளை யாரும் பார்க்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதற்கு அந்த மழைமானி எண்தான் சாட்சி.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. 200 சதுர செ.மீ. வாயுள்ள மழைமானிக்குள் நாலு லிட்டர் பாட்டில் வைத்தால், 20 செ.மீ. மழையில் பாட்டில் நிறைந்துவிடும். அதற்கு மேல் பெய்வதை அளக்க வேண்டுமென்றால் யாராவது நடுவில் போய் அளந்து, கொட்டிவிட்டு, திரும்ப வைக்க வேண்டும். கொட்டுகிற மழையில், கரண்ட் இல்லாத இருட்டில். ஊரில் ஒரு பெரிய மழை எண் பதிவாகியிருந்தால் அதன் பின்னால் இப்படி ஒரு ஆள் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு என் கும்பிடு.

இனி "இயல்பு" என்ற சொல்லைப் பற்றி. வானிலைத் துறை பருவமழையைக் கணக்கிட்டு மாவட்டத்துக்கு ஒரு பெயர் வைக்கும். நீண்டகாலச் சராசரியைவிட 19 சதவீதம் கூடுதல், 19 சதவீதம் குறைவு, இதற்குள் இருந்தால் இயல்பு. 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை, 60-க்கு மேல் குறைந்தால் பெரும் பற்றாக்குறை. நாடு முழுவதையும் ஒரே படத்தில் பார்க்க இது வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மலைமழையைச் சேர்த்து இயல்பு வாங்கின மாவட்டத்தில், ராதாபுரத்து விவசாயி காய்ந்த உளுந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அதே சொல் அவர் மேல் விழுகிறது. ஒரு வருஷம் பெரியப்பாவும் பக்கத்துக் காட்டுக்காரர்களும் பயிர் கருகினதற்கு மனு கொடுத்தபோது, ஓர் அலுவலகத்தில் "மாவட்டத்துக்கே நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கு, உங்களுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பெரியப்பா கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் மூலைக்கரைப்பட்டி, நாங்குநேரி இரண்டு நிலையங்களின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் எண்களை நாள்வாரியாக எடுத்து, மாஞ்சோலை எண்ணையும் பக்கத்திலேயே ஒரு கட்டத்தில் போட்டு, மனுவோடு பின் செய்து கொடுத்தேன். அறிவுரை, கோபம், அடைமொழி எதுவும் சேர்க்கவில்லை. மூன்று கட்டம் எண்கள் மட்டும். மறுவாரம் ஆள் வந்து காட்டைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பணம் வந்தது, பாதிப் பேருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் "எப்படி?" என்ற கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை.

மழை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். மாவட்டக் கணக்கை வைத்துப் பதில் சொல்ல முயன்றால் கால் இடறும். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. காயல்பட்டினம், திருச்செந்தூர், கோவில்பட்டி எல்லாம் போயின. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. குற்றாலச் சாரலும் சங்கரன்கோவில் கரிசலும் சேர்ந்து போயின. திருநெல்வேலி மாவட்டத்து மழை என்று 1980-இல் சொன்னதும் இன்று சொல்வதும் ஒரே நிலத்தைப் பற்றியது இல்லை. பாளையங்கோட்டை மழைமானி அன்றும் பாளையங்கோட்டைதான், இன்றும் பாளையங்கோட்டைதான். ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் மட்டுமே பழைய காலத்தோடு பேச முடியும்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901 முதல் இந்தியா முழுவதுக்கும் நாள்வாரி மழையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகிறது. கால் டிகிரிக்கு ஒரு கட்டம், அதாவது சுமார் 27 கிலோமீட்டர். என் தம்பி மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன்தான் கோப்பைத் திறந்து காட்டினான். நூறு வருஷத்துக்கு மேலான மழை, நாள் தவறாமல்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எங்கள் சீமையில் 27 கிலோமீட்டர் என்பது பெரிய தூரம். மாஞ்சோலை மலையும் கீழே கல்லிடைக்குறிச்சி வயலும் அதைவிடக் கிட்டே இருக்கின்றன. பெரும்போக்கு பார்க்க அந்தக் கட்டம் நல்லது. ஒரு குளத்தின் கதையைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

அணைக்கணக்கும் அப்படித்தான், அடியைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மலைப் பள்ளத்தில் கட்டிய அணை அடியில் குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். கீழே இருபது அடி ஏறினால் வருகிற தண்ணீரும் மேலே இருபது அடி ஏறினால் வருகிற தண்ணீரும் ஒன்றில்லை. அடிக்குப் பக்கத்தில் எத்தனை மில்லியன் கன அடி என்று இருக்கிற எண்ணையும் பாருங்கள். எங்கள் பக்கம் மணிமுத்தாற்றுக் கால்வாயின் 3, 4-ஆவது ரீச்சில் (கால்வாயைப் பிரித்த பகுதி) தண்ணீர் வருமா வராதா என்பதை அந்த எண்தான் சொல்லும். ரீச் திறந்தால் குளம் நிறையும். கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். திறக்காத வருஷம் பறவையும் இல்லை, நெல்லும் இல்லை. 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது, தண்ணீர் இன்னும் மணிமுத்தாற்றை நம்பித்தான் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீரைத் தமிழ்நாட்டில் பகுதி வாரியாகக் கணக்கிடுகிறார்கள்: ஊறுவதில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 100-ஐத் தாண்டினால் மிகை நுகர்வு. போர் போடுவதற்கு முன் உங்கள் பகுதி எந்த வகை என்று பார்த்துவிட்டுக் கடன் வாங்குங்கள். தாமிரபரணித் தண்ணீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பல இடங்களில் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. பாபநாசத்து எண்ணையும் டவுனைத் தாண்டின பிறகு வருகிற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் ஆற்றுக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்துவிடும். காற்றின் சுத்தத்தில் நெல்லை நல்ல பெயர் வாங்கியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் மாநகரத்துக் கருவியின் எண் வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் குவாரித் தூசியைப் பற்றி எதுவும் சொல்லாது.

தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் வைப்பதாக அறிவித்தது. இதற்காக நான் மனசார நன்றி சொல்கிறேன். நேரம் நேரமாக எண் வந்தால் டிசம்பர் 17 மாதிரி ஒரு நாளில் மத்தியானமே குளக்கரைக்கு ஆள் அனுப்ப முடியும். ஒரே ஒரு வேண்டுகோள்: புதியது வந்துவிட்டது என்று பழைய பைபர் மழைமானியைக் கழற்றிவிடக் கூடாது. இரண்டையும் சில வருஷம் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டால்தான் புதிய எண்ணைப் பழைய எண்ணோடு ஒட்டவைக்க முடியும். இல்லையென்றால் அறுபது, எழுபது வருஷத்து நோட்டு அந்த நாளோடு அறுந்துபோகும். அதோடு, நாள்வாரிப் பட்டியலைப் படமாகப் போடாமல் அட்டவணையாகப் போட வேண்டும். படத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தட்டச்சு செய்வது எனக்குப் பெரிய வேலை இல்லை, ஆனால் அப்படிச் செய்து மனு எழுத எல்லா ஊரிலும் ஆள் கிடைக்காது.

இப்போது ஒரு உதவி கேட்கிறேன். மாவட்டப் புள்ளியியல் கையேடு வருஷா வருஷம் வரும், அதில் நிலையவாரியாக மழை இருக்கும். சமீபத்து வருஷங்கள் என்னிடம் இருக்கின்றன. 1986-க்கு முந்தையவை, தூத்துக்குடியும் தென்காசியும் சேர்ந்திருந்த காலத்துப் பிரதிகள், ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர்கள் வீட்டுப் பரணிலோ பழைய பள்ளிக்கூட நூலகத்திலோ கிடக்கலாம். இருந்தால் சொல்லுங்கள். நாங்குநேரி, ராதாபுரம், ஸ்ரீவைகுண்டம் இந்த மூன்று ஊர்ப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, அட்டை கிழிந்திருந்தால் பைண்டிங் போட்டு, என் செலவிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.